மாகம் அங்கா விழுந்ததற்கு அழலாமா?

18 ஒக்டோபர், காலை

நேற்றிரவு தொலைக்காட்சி முகலாய நாடகத்தில் அக்பரின் செவிலித் தாய் மாகம் அங்காவின் ஆட்டம் முடிந்தது. மகன் ஆதம் கானைக் கோட்டை மாடியிலிருந்து தள்ளினார்கள். அடுத்த காட்சியிலேயே தாயைச் சபை நடுவில் நிறுத்தி, நகைகளைக் கழற்ற வைத்து, அக்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகக் காட்டினார்கள். "இந்த மனிசி எப்ப ஒழியும்" என்று மாதக்கணக்காகத் திட்டிய எங்கள் ஒழுங்கை நேற்று அழுதது. காலையில் பால் வாங்கப் போன இடத்திலும் இதே கதைதான். பாதிப் பேர் "நல்லா வேணும்" என்கிறார்கள், மீதிப் பேர் "பாவம்" என்கிறார்கள்.

என் கேள்வி இது. இவ்வளவு அநியாயம் செய்த ஒருத்தி விழும்போது எங்களுக்கு அழுகை வருகிறதென்றால், அவள் செய்ததை நாங்கள் மறந்துவிட்டோமா? அல்லது அவள் உண்மையில் செய்ததை நாடகம் எங்களுக்குக் காட்டவே இல்லையா? இரண்டாவதுதான் காரணம் என்பது என் கட்சி.

18 ஒக்டோபர், இரவு

பதில்கள் வந்துவிட்டன. கொக்குவிலில் இருந்து ஓர் அக்கா கேட்கிறார்: பெற்ற வயிறு பற்றி எரியாதா, அதற்கு அழுதால் என்ன பிழை? கொழும்பில் படிக்கும் எங்கள் ஊர்த் தம்பி சொல்கிறார்: அழுகிறவர்கள் அவள் நாயகிக்கு, அதுதான் அக்பரின் ராஜபுத்திர மனைவிக்கு, நஞ்சு கலந்து கொடுத்த பகுதியை இன்னொரு தரம் போட்டுப் பார்க்கட்டும்.

அக்கா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. தம்பி சொல்வதில்தான் எனக்குச் சிக்கல். நஞ்சு கலந்த பால், காணாமல் போன மோதிரம், மாற்றி வைத்த கடிதம், இதெல்லாம் எந்த மாமியார் மருமகள் நாடகத்திலும் வருகிறது. மாகம் அங்கா அப்படிச் சின்ன ஆள் இல்லை. அக்பரைத் தூக்கி வளர்த்த செவிலித் தாய்களில் முதன்மையானவள். 13 வயதில் அரியணை ஏறிய பிள்ளையின் பின்னால் நின்றவள். 1560இல், சிறுவயது அக்பரின் பெயரில் அரசை நடத்திய பைராம் கான் போன்ற பெரும் ஆளையே பதவியிலிருந்து இறக்கிய கூட்டத்துக்கு அவள்தான் மூளை. அதன்பிறகு கொஞ்சக் காலம் அரண்மனையில் அவள் சொல்லுக்குத்தான் எடை. 1561இல் டில்லிப் பழைய கோட்டைக்கு எதிரே கைருல் மனாசில் என்று ஒரு பள்ளிவாசல் கட்டினாள், அது இன்னும் நிற்கிறது. இப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுவந்து குசினி வாசலில் ஒட்டுக்கேட்க வைத்தால், விழும்போது என்ன விழுந்தது என்று எப்படி விளங்கும்?

19 ஒக்டோபர்

மாடியிலிருந்து தள்ளியது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை. நாடகத்தில் ஒரு தரம் தள்ளி, அதையே மூன்று பக்கத்தால் மெதுவாகக் காட்டினார்கள். நடந்தது அதைவிடக் கொடூரம்.

1562 மே 16. ஆக்ராவில், அக்பரின் வளர்ப்புத் தந்தையும் முதன்மை அமைச்சருமான அத்கா கான் அரச அலுவல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆதம் கான் ஆட்களோடு உள்ளே வருகிறான். மரியாதைக்காக அத்கா கான் பாதி எழும்புகிறார். கூட வந்தவனுக்கு ஆதம் கண் காட்டுகிறான், கத்தி இறங்குகிறது. கிழவர் முற்றத்துக்கு ஓடி, அங்கே வெட்டுப்பட்டு விழுகிறார். ஆதம் அதோடு நிற்கவில்லை, வாளோடு அந்தப்புரப் பக்கம் ஏறுகிறான். காவலுக்கு நின்ற, ஆண்மை நீக்கப்பட்ட அந்தப்புரப் பணியாள் ஒருவர் கதவைத் தாழ் போட்டுவிடுகிறார். கூச்சல் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழும்பிய அக்பர் வேறு வழியால் வெளியே வந்து, கீழே கிடக்கும் உடலைப் பார்க்கிறார். ஆதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ விளக்கம் சொல்லப் பார்க்கிறான். முகத்தில் ஒரு குத்து, ஆள் மயங்கி விழுகிறான். கட்டித் தலைகீழாகத் தள்ளச் சொல்கிறார். தள்ளியும் உயிர் போகவில்லை. மயிரைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்து இரண்டாம் தரம் தள்ளச் சொல்கிறார்.

அப்போது அக்பருக்கு வயது 19. கீழே விழுந்தவன் அவரோடு ஒரே மடியில் வளர்ந்தவன்.

இந்தக் காட்சியைப் பிற்காலத்தில் அரசவை ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். மிஸ்கின் கோடு போட, சங்கர் வண்ணம் தீட்டிய படம், லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். அதில் ஆதம் கான் அந்தரத்தில் தலைகீழாக இருக்கிறான். கீழே ஆட்கள் பதறுகிறார்கள். அந்த ஒரு படத்தில் இருக்கிற பதற்றம் நாடகத்தின் அரை மணித்தியாலத்திலும் இல்லை. பின்னணி இசையைக் கொஞ்சம் நிற்பாட்டி, மேலே கதவு தாழ் விழும் சத்தத்தை மட்டும் கேட்க விட்டிருந்தாலே போதும்.

19 ஒக்டோபர், பிந்தி

கதவைத் தாழ் போட்ட அந்த மனிதரை நாடகத்தில் காணவே இல்லை. அவர் அன்று பயந்து ஒதுங்கியிருந்தால் முகலாய வரலாறே வேறு.

21 ஒக்டோபர்

தீபாவளியால் எழுத நேரம் வரவில்லை. அதற்குள் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: மாகம் அங்காவுக்கும் அக்பரின் ராஜபுத்திர மனைவிக்கும் உண்மையில் எத்தனை வருடப் பகை?

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். ஆம்பேர் அரசர் பார்மலின் மகளை அக்பர் சாம்பரில் கல்யாணம் செய்தது 1562 பெப்ரவரியில். ஆதம் கான் செத்தது அதே வருடம் மே மாதம். மகன் போய் நாற்பதாம் நாள் தாயும் போய்விட்டாள். எல்லாம் கூட்டினால் ஐந்து மாதம். இதற்குள் அந்தப் பிள்ளை ஆக்ராவுக்கு வந்து சேர்ந்து, இடம் வலம் தெரிந்துகொள்வதற்கே நாள் போயிருக்கும். நூற்றுக்கணக்கான பகுதிகளாக நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த அந்தச் சண்டைக்கு வரலாற்றில் இடமே இல்லை.

நாடகம் என்றால் கற்பனை இருக்கும்தான், அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் எந்த இடத்தில் கற்பனை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓர் அரசையே ஆட்டிப்படைத்த பெண்ணின் குற்றத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வீட்டுச் சண்டையை வைத்திருக்கிறார்கள்.

22 ஒக்டோபர்

"அப்படியென்றால் அவள் குற்றமே செய்யாதவளா?" இல்லை. நாளை அல்லது மறுநாள் விரிவாக எழுதுகிறேன். அவசரமாக எழுதும் விசயம் இல்லை.

25 ஒக்டோபர்

1561. மாளவத்தை ஆண்ட பாஸ் பகதூர் மேல் ஆதம் கானின் படை போனது. பாஸ் பகதூர் சாரங்பூரில் தோற்று ஓடினார். அவருடைய காதலி ரூப்மதி ஆதம் கானின் கையில் சிக்காமல் நஞ்சு குடித்துச் செத்தாள். இந்தக் கதை வட இந்தியாவில் இன்றும் பாட்டாக ஓடுகிறது, நாடகத்திலும் ஓரிரு நாள் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வரவில்லை.

கொள்ளையில் பெரும்பங்கை ஆதம் தன்னிடமே வைத்துக்கொண்டான். செய்தி கேட்டு அக்பர் ஆக்ராவிலிருந்து குதிரையில் பறந்து வந்து அவன் முன்னால் நின்றார். பின்னாலேயே மாகம் அங்காவும் ஓடி வந்து மகனுக்காகச் சமாதானம் பேசினாள். ஒருவாறு எல்லாம் ஒப்படைத்தாயிற்று. அக்பர் திரும்பிப் புறப்படும் நேரத்தில், பாஸ் பகதூரின் அந்தப்புரத்துப் பெண்கள் இரண்டு பேரை ஆதம் களவாக எடுத்து ஒளித்துவிட்டான். அரசர் பயணத்தை நிறுத்தித் தேடச் சொன்னார். பிள்ளைகள் அகப்பட்டுவிட்டார்கள். அவர்கள் அரசர் முன்னால் வாய் திறந்தால் மகனின் திருட்டு வெளியே வந்துவிடும். மாகம் அங்கா இரண்டு பேரையும் கொல்ல வைத்தாள். வெட்டிய தலை சத்தம் போடாது என்ற நினைப்பில் செய்தாள் என்று அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பசல் அக்பர் நாமாவில் எழுதுகிறார்.

அவர்களின் பெயர் அங்கே இல்லை. வயது இல்லை. போரில் தோற்றவனின் வீட்டுப் பெண்கள், அவ்வளவுதான். முதலில் ஒருவனிடம் இருந்தார்கள், பிறகு வென்றவனிடம் போனார்கள், பிறகு களவு போனார்கள், கடைசியில் சாட்சி சொல்லக்கூடும் என்பதற்காகச் செத்தார்கள்.

இதுதான் நான் தொடக்கத்திலிருந்து சொல்ல வந்தது. நாயகிக்கு வைத்த நஞ்சுக்காக அவள் விழுவதைப் பார்த்து நாங்கள் கை தட்டினோம், பிறகு அழுதோம். அந்த இரண்டு பேருக்காக அவள் விழுவதைக் காட்டியிருந்தால், "பாவம்" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருப்போம். போர் நடந்த மண்ணில் இருந்து பார்க்கிற எங்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்கவும் தேவையில்லை.

25 ஒக்டோபர், இரவு

தம்பி எழுதியிருக்கிறார்: "அப்ப இனி அழ வேண்டாம் என்கிறீர்களா?" அப்படிச் சொல்லவில்லை, அது வேறு கதை, அதற்கும் வருகிறேன். இன்னொருவர் நாடகத்தை விட்டுவிட்டு, ஆதம் கானாக நடித்த பொடியனின் மீசை ஒட்டினதா உண்மையானதா என்று கேட்கிறார். ஒட்டினதுதான். மாடிக் காட்சியில் ஒரு பக்கம் கழன்று கிடந்ததை என் பெறாமகள் நிற்பாட்டிக் காட்டினாள்.

28 ஒக்டோபர்

நேற்று சூரன்போர். கோயில் வீதியில் சனம் நிறைந்து கிடந்தது. தோளில் பிள்ளைகள், மதில் மேல் பொடியன்கள். எங்கள் ஊரில் சூரனைத் தூக்கி ஆட்டுகிற ஆட்களுக்கு இருக்கிற மதிப்பு வேறு யாருக்கும் இல்லை. ஓடி வந்து, சுழன்று, பின்வாங்கி, திரும்பவும் பாய்கிறபோது சனம் விசிலடிக்கிறது. யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வந்து, சூரன் மாமரமாகி நிற்கிற இடத்தில் அரோகரா வானைப் பிளக்கிறது. வில்லன் விழுவதைப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. வருடா வருடம் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு வித்தியாசம். சூரன் சேவலும் மயிலுமாகி முருகனிடமே போய்ச் சேர்கிறான். நேற்று எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், மரம் பிளந்த உடனேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இனி அவனும் எங்கட ஆள்" என்றார். அப்படி முடிகிற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோயில் மண்டபங்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்வது இங்கே எவ்வளவு காலமாக நடக்கிற வழக்கம்! பண்டிதமணி கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே கந்தபுராணக் கலாசாரம் என்றார். அப்படியான சனம், விழுந்த ஒருத்தியைப் பார்த்து மனம் இளகுவதில் என்ன ஆச்சரியம்? எங்களுக்கு வில்லன் செத்தால் மட்டும் போதாது. அவன் எங்கே போனான் என்றும் தெரிய வேண்டும்.

29 ஒக்டோபர்

சூரன் என்றதும் ஒரு வாசகர் மாயையை நினைவூட்டியிருக்கிறார். மிகப் பொருத்தம். சூரனைத் தவம் செய்யவும் அரசு பிடிக்கவும் ஏவியவள் தாய் மாயை. பிள்ளைகளும் படையும் அழிந்து சூரன் தனித்து நிற்கையில் அவளை நினைக்கிறான், அவள் வருகிறாள். முருகனை வெல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும், சொல்லியும் பார்க்கிறாள். மகன் கேட்கவில்லை. சரி என்று, செத்தவர்களை எழுப்பும் அமுதசீத மந்தரமலையைக் கொண்டுவரும் வழியைக் காட்டிவிட்டுப் போகிறாள். பிழை என்று தெரிந்தும் பிள்ளைக்கு வழி காட்டுகிற தாய். மாகம் அங்காவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பெண்களைக் கொன்றதும் இதே மனம்தான். அதனால் குற்றம் குறையாது. அவள் யாருக்காகச் செய்தாள் என்பது மட்டும் தெரிகிறது.

காக்கை வன்னியனையும் இழுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஆளை ஏசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அது காட்டிக்கொடுத்தவனின் கதை, இது தாயின் கதை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

2 நவம்பர்

இனி அழுகை.

அபுல் பசல் சொல்லும் ஓரிடம் நாடகத்தில் வரவில்லை. மாகம் அங்கா அன்று நோயில் படுத்திருந்தாள். மகன் ஏதோ செய்துவிட்டான், அரசர் பிடித்து வைத்திருக்கிறார் என்று மட்டும் அவளுக்குக் கேள்வி. பாயை விட்டு எழும்பி, மகனை விடுவிக்கக் கேட்கலாம் என்று அக்பரிடம் வருகிறாள். ஆதம் எங்கள் அத்காவைக் கொன்றான், நாங்கள் அவனுக்குத் தண்டனை கொடுத்துவிட்டோம் என்கிறார் அக்பர். நல்லது செய்தீர்கள் என்கிறாள் அவள். தண்டனை என்றால் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது. தெரிய வந்தபோது வாய் விட்டு அழவில்லையாம், முகத்தில் நிறம் போய்விட்டதாம். உடலைப் பார்க்கப் போகவும் விடவில்லை.

நான் இதை எங்கள் வீட்டு விறாந்தையில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். உருவின கை அப்படியே நின்றது. "அவ கேக்க வரேக்க பிள்ளை ஏற்கெனவே செத்துப்போயிட்டான், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாமி வீட்டுச் சுவரில் மூத்தவனின் படம் இருக்கிறது. இன்றுவரை அந்தப் படத்துக்கு மாலை போடவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் தெருவோரம் குந்தத் தொடங்கிய நாளிலிருந்து, மாமி அங்கே போய் வந்துகொண்டிருந்தவர்.

ஆகவே கொக்குவில் அக்காவுக்கு: அழுங்கள். பிள்ளை எங்கே என்று கேட்டு அதிகாரத்தின் வாசலில் நிற்கிற தாய்க்கு எங்கள் ஊரில் அழாமல் இருக்க முடியாது, அந்தப் பிள்ளை கொலைகாரனாக இருந்தாலும். ஆனால் பாஸ் பகதூர் வீட்டு அந்த இரண்டு பேருக்கும் தாய் இருந்திருப்பாள். அவள் எந்த வாசலில் போய்க் கேட்டிருப்பாள்? அந்த அழுகையையும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன்.

3 நவம்பர்

சரியான சந்தேகம் ஒன்று வந்திருக்கிறது. "நல்லது செய்தீர்கள்" என்று அவள் உண்மையிலேயே சொன்னாளா?

அபுல் பசல் 1551இல் பிறந்தவர். சம்பவம் நடந்தபோது 11 வயதுப் பிள்ளை, அரண்மனையிலும் இல்லை. அக்பரின் கட்டளைப்படி பல வருடம் கழித்து எழுதினார். கொன்றவரே கேட்டு வாசிக்கும் நூலில், செத்தவனின் தாய் வந்து "நல்லது" என்று சொன்னதாக எழுதுவது அரசருக்கு எவ்வளவு வசதி! மனச்சாட்சிக்கு மருந்து மாதிரி. இதையும் மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் உடனே நிறம் போன முகத்தையும், வாய் விட்டு அழாததையும் அவரே எழுதுகிறார். அரசரைத் திருப்திப்படுத்த மட்டும் எழுதுகிறவர் அதை விட்டிருக்கலாம். விடவில்லை. அதனால்தான் அந்த இடத்தை நான் நம்புகிறேன்.

5 நவம்பர்

கல்லறை பற்றிக் கேட்டவருக்கு: டில்லி மெக்ரோலியில் இருக்கிறது. தாய்க்கும் மகனுக்குமாக அக்பரே கட்டுவித்தார். எண்கோண வடிவம், தடித்த சுவர், சுவருக்குள்ளே வழி தடுமாற வைக்கும் பாதைகள். அதனால் ஊர்ச்சனம் பூல் புலையா என்கிறது. 1830களில் ஓர் ஆங்கிலேய அதிகாரி அதை வீடாக்கி, சாப்பாட்டு மேசை போடுவதற்காகக் கல்லறையை அகற்றினார். மகனின் கல்லறை பிற்காலத்தில் நடுவில் திரும்ப வைக்கப்பட்டது.

தள்ளிக் கொன்ற கையே கட்டிக் கொடுத்த கல்லறை. நாடகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அக்பர் இவர் இல்லை. நாற்பது நாளுக்குள் இரண்டு பேரையும் அடக்கம் செய்ய வேண்டி வந்த 19 வயதுப் பிள்ளையை யாராவது நடித்துக் காட்டியிருக்க வேண்டும்.

7 நவம்பர்

நாடகம் அடுத்த வில்லனுக்குப் போய்விட்டது. நேற்றைய பகுதியில் மாகம் அங்காவின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஒரு குறை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று முற்றத்தில் வெட்டுப்பட்ட அத்கா கானின் மனைவி ஜீஜி அங்கா. அவளும் அக்பருக்குப் பால் கொடுத்தவள். புருசனை இழந்தவள் அவள்தான், நியாயம் கேட்க வேண்டியவளும் அவள்தான். நாடகத்தில் அவளுக்கு ஒரு காட்சி இல்லை. அத்கா கானின் ஆட்கள் பழி வாங்க ஆயுதம் தூக்கி வந்தபோது, கொலைகாரன் ஏற்கெனவே செத்துவிட்டான் என்று உடலைக் காட்டித்தான் அவர்களை அடக்கினார்கள். அவளுடைய மகன் அசீஸ் கோகா அக்பருக்கு எவ்வளவோ தொல்லை கொடுத்தான், எதிர்த்துப் பேசினான். தனக்கும் அசீசுக்கும் நடுவில் ஒரு பால் ஆறு ஓடுகிறது, அதைத் தாண்ட முடியாது என்று அக்பர் சொல்லி ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டார்.

ஆதம் கானுக்கும் அக்பருக்கும் இடையிலும் அதே உறவு இருந்தது. ஒருவனுக்கு மன்னிப்பு, ஒருவனுக்கு மாடி. ஏன் என்று கேட்டு எழுதினால் அதில் ஒரு முழு நாடகம் இருக்கிறது. ஜீஜி அங்கா நெடுங்காலம் வாழ்ந்து 1600 அளவில் இறந்தாள். அவளுடைய பாடையை அக்பர் தன் தோளில் சுமந்தார், தலையும் மீசையும் மழித்துக்கொண்டார். அந்தப் பகுதி எப்போதாவது வந்தால் யாராவது எனக்கு அறிவியுங்கள். அதைப் பார்க்க மாமியையும் கூப்பிட வேண்டும்.